சல்லிக் கடலில் விழுந்த வில்லனும் உங்கள் விமர்சகரும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

'கரையோசை' வார இதழின் பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நீங்களும் குடும்பத்தாரும் அச்சகத்தாரும் சுகமாக இருக்கக் கோணேசர் அருளட்டும். உங்கள் சினிமா விமர்சகர் 'பூதக்கண்ணாடி'யை இந்த வேண்டுதலில் சேர்க்க மனம் வரவில்லை.

என் மகள் லக்சாயினி இயக்கிய 'தொப்பி இரண்டு' படத்தில் கள்ளனைத் துரத்தும் இரண்டு பொலிஸ்காரரில் ஒருவர் நான். மற்றவர் மூதூர் ஸெய்னுதீன். துறைமுகக் கந்தோரில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து, சேர்ந்தே ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். சண்டை பிடித்துக்கொண்டே ஒன்றாக வேலை செய்வது எங்களுக்கு நடிப்பே அல்ல. உங்கள் விமர்சகரோ, "இவர்கள் ஓடுவதைப் பார்த்தால் கள்ளனே நின்று கைகொடுக்க வேண்டும் போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அதைப் பொறுத்துக்கொண்டேன். முச்சக்கரவண்டித் துரத்தல் பாதியில் நின்றது மான்கள் குறுக்கே வந்ததால்தான், நம் வீதியில் அவை யாருக்கும் வழி விடுவதில்லை என்று வாதாடவும் நான் வரவில்லை. ஆனால் உச்சக்கட்டத்தைப் பற்றி, "வில்லன் கடலில் விழுந்ததும் எங்கிருந்தோ பத்துப் படகுகள் வந்து காப்பாற்றுவது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டிருக்கிறாரே, அது நாங்கள் படம் எடுத்த மீனவர் கிராமமான சல்லி ஊர் நியாயம் ஐயா! வில்லனாக நடித்த தர்மிகன் வள்ளத்திலிருந்து விழுந்து, வசனப்படி "ஐயோ, காப்பாத்துங்கோ!" என்று கத்தினான். கடலில் அந்தச் சத்தம் கேட்டால் சல்லியில் ஒருவரும் ஆள் யாரென்று விசாரிப்பதில்லை. வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அங்கிருந்த வள்ளமெல்லாம் வந்துவிட்டன. "படம் எடுக்கிறம் வாப்பா, படம்!" என்று ஸெய்னுதீன் தொண்டை கிழியக் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. தர்மிகனைத் தூக்கி, சாரம் போர்த்தி, இஞ்சித் தேத்தண்ணி பருக்கினார்கள். பிறகு ஒருவர் என் காலரைப் பிடித்து, "பொலிசெண்டா ஆளைக் கடலுக்குள்ள தள்ளுறதோ? நீங்கள் மனுசரோ?" என்று கேட்டார். எனக்கு வசனமெல்லாம் மறந்து, "பிழைதான் தம்பி" என்று அழுதே விட்டேன். மகள் கமெராவை நிறுத்தவில்லை.

இதை 'நம்ப முடியாத கற்பனை' என்று எழுதிய இடத்தில் கோபம் தலைக்கேறிப் பத்திரிகையை எறிந்துவிட்டேன். நான் சத்தமாக வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த மகள் கமெராவை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். "எனக்கு இது சரிவராது அப்பா. கொழும்பிலை வங்கி வேலைக்குப் போறன்" என்கிறாள். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் அவள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் நான். இந்தப் பிள்ளை இன்னொரு படம் எடுக்காமல் போனால் என் மனம் ஆறாது. ஆகவே உங்கள் விமர்சகர் அடுத்த இதழிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தங்கள் பத்திரிகை நீடு வாழ்க. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மனம் நொந்த வாசகன்
சி. யோகராசா

பி.கு.: நேற்றுக் கடிதத்தை உறையில் இடும் நேரம், நான் எறிந்த பத்திரிகையை மகள் எடுத்து விமர்சனத்தின் மிச்சத்தையும் வாசித்தாள். "கற்பனைதான், ஆனால் படத்தில் உயிருள்ள இடம் அதுவே. இந்தப் பெண் அடுத்த படத்தை முழுக்க அந்தக் கரையிலேயே எடுக்கட்டும்; முதல் வரிசையில் நான் இருப்பேன்" என்று உங்கள் விமர்சகர் முடித்திருக்கிறாராம். அலுமாரி திறந்தாயிற்று. தயவுசெய்து மேலே எழுதிய எதையும் பிரசுரிக்க வேண்டாம். மகள் சல்லிக்குப் போய் எல்லோரிடமும் கதைத்துவிட்டும் வந்துவிட்டாள். இம்முறை கடலில் விழும் வில்லன் நானாம். ஓம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு நீந்த ஏலாது. சல்லியில் ஆட்கள் இருக்கிறார்கள்தானே.