நிழல் தின்னி பாதியில் நின்ற வெள்ளிக்கிழமை

திறமை இல்லாதவன் நிம்மதியாக இருக்கிறான். எனக்குக் கதை வாசிக்க வரும். அந்த ஒரே திறமையால்தான் இன்றைக்கும் தினமும் காலையில் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றபடி வேலைக்குப் போகிறேன்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேலை சேத்தூருக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில். நடுவில் ராஜபாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். (உட்கார இடம் கிடைத்த நாளில் அதை வீட்டில் வந்து சொல்வேன். என் மனைவி வசந்தா சந்தோஷப்படுவது போல நடிப்பாள்.) வகுப்பறைக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. அங்கே ஓர் ஆசிரியருக்கு இடம் காலி. கிடைத்தால் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மதியம் வீட்டில் வந்து சூடாகச் சாப்பிடலாம். அந்த இடத்துக்காக நான் வேண்டாத சாமியில்லை.

அந்த அலுவலக மேடம் என்னிடம் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்தார்.

"ரெண்டாம் வகுப்புக்கு வாசிச்சுக் காட்டுங்க சார். புள்ளைக எப்படி எடுத்துக்கிடுதுன்னு திங்கக்கெழம நானே வந்து பாக்கேன். பொறவு புத்தகத்தப் பத்தியும் முடிவு பண்ணுவோம், ஒங்களப் பத்தியும் முடிவு பண்ணுவோம்."

புத்தகத்தின் பெயர் 'நிழல் தின்னி'. பாழுங்கிணற்றிலிருந்து ஒரு கரும்பூதம் வெளியே வரும். வெயிலில் நிற்பவர்களின் நிழலைத் தின்னும். நிழலைப் பறிகொடுத்தவரை வீட்டில் எல்லாரும் அடியோடு மறந்துபோவார்கள். பெற்ற தாயே "நீ யாருப்பா?" என்பாள். கடைசி இரண்டு பக்கத்தில் பூதத்துக்கு வயிற்றுவலி வந்து, தின்றதையெல்லாம் கக்கிவிடும். எல்லாருக்கும் எல்லாரும் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்கள். படங்கள் அபாரமாக இருந்தன. பூதத்தின் கண் தெரிகிற பக்கத்தை நானே வேகமாகத் திருப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். ஜன்னல்களைச் சாத்தினேன். தலைமையாசிரியரின் கறுப்புக் குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். பூதம் ஊரையே தின்றுவிட்டு, மிச்சமிருக்கிற ஒரே வீட்டின் கதவில் கை வைக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். இன்னும் இரண்டு பக்கம்தான். பெல் அடிக்க நேரமும் இருந்தது.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் வீட்டில் ஓடும் சீரியலை வாரக் கடைசியில் எங்கே நிறுத்துகிறார்கள்? கதவு தட்டுகிற இடத்தில்தானே? புத்தகத்தைப் படாரென்று மூடினேன்.

"தொடரும்!" என்றேன். "மீதி திங்கக்கெழம!"

வகுப்பு மூச்சுவிடவில்லை. அதை நான் ரசனை என்று எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் அன்று ஒற்றைக் கால்கூட வலிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கொடிக்கம்பத்தைச் சுற்றி எல்லா வகுப்பும் நின்றது. என் வகுப்பு மட்டும் வெயிலுக்கு வரவில்லை. கட்டடத்தை ஒட்டி விழுந்த ஒரு முழ நிழலில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றது. நெற்றி நிறையத் திருநீறு. எல்லார் கையிலும் புதுக் கறுப்புக் கயிறு. பாதிப் பேர் வரவேயில்லை, காய்ச்சல். அவர்களுக்குப் பதிலாக அவர்களுடைய அம்மாக்கள் வந்திருந்தார்கள்.

"என்னத்த சார் படிச்சுக் குடுத்தீக?" என்றார் ஒருவர். "எம் மகன் ரெண்டு நாளா வாசப்படி தாண்ட மாட்டேங்கான். ஒண்ணுக்குப் போகக்கூட குடையப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போறேன். கயிறு கட்ட கோயில்ல எம்புட்டுக் கூட்டம் தெரியுமா?"

"செத்த பொறுங்கம்மா" என்று நான் சொல்லும்போதே மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். திருநீற்றையும் கயிற்றையும் பார்த்தார்.

"என்ன சார், ஊர்ல எதும் கோயில் பொங்கலா?"

"இல்ல மேடம்" என்றார் தலைமையாசிரியர். "கதை."

வகுப்புக்குள் போனோம். முதல் வரிசையில் முத்துமாரி உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. மடியில் ஒரு போட்டோ. அவள் அப்பா பட்டாளத்து உடுப்பில் நிற்கிற போட்டோ.

"சார், இவ ரெண்டு நாளா ஒறங்கவே இல்லையாம்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஏம்மா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா டூட்டியில வெயில்லதான் சார் நிக்காக. நிழல்ல நில்லுங்கன்னு போன்ல சொன்னேன், சிரிச்சாக. நான் ஒறங்கயில பூதம் தின்னுட்டா அவுகள மறந்துருவேன்ல? அதான் போட்டோவப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவள் அப்பாவைப் பார்ப்பதே வருஷத்துக்கு ஒரு தடவை. அதையும் பிடுங்கிக்கொள்ள ஒரு பூதத்தை நான் வீடு வரைக்கும் அனுப்பிவைத்திருக்கிறேன். பஸ், ஸ்ரீவில்லிபுத்தூர், சூடான மதியச் சாப்பாடு எதுவும் அப்போது எனக்கு ஞாபகமில்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, குடையில்லாமல், நடிப்பில்லாமல் அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். பூதம் கக்கியது. படத்தில் எல்லார் காலடியிலும் நிழல் வந்து ஒட்டிக்கொண்டது.

முத்துமாரி படத்தைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா சார்?"

"இம்புட்டுத்தாம்மா."

"இத வெள்ளிக்கெழமயே சொல்லிருக்கலாம்ல?"

அன்று சத்துணவில் அவள் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்று சமையலம்மா வந்து சொன்ன பிறகுதான் நான் என் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

கிளம்பும்போது மேடம், "புத்தகம் நல்லாருக்கு சார், எடுத்துக்கிடுதோம்" என்றார். "அந்த இடம்..." என்று இழுத்தேன். "அதப் பொறவு பேசுவோம்" என்றார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் அந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'ஒரே நாளில் வாசித்து முடிக்கவும். பாதியில் நிறுத்தக் கூடாது.' கல்வித் துறைக்கு நான் செய்த தொண்டு அது ஒன்றுதான். சக ஆசிரியர்கள் பஸ்ஸில், "என்ன தொடரும் சார், இடம் கெடச்சுதா?" என்று கேட்கிறார்கள். வீட்டில் "ஒரு விஷயம், சாயங்காலம் வந்து சொல்றேன்" என்று நான் செருப்பை மாட்டினால் போதும், வசந்தா வாசலை மறித்துக்கொள்வாள். "இப்பமே சொல்லிட்டுப் போங்க. எனக்குக் கயிறு கட்ட ஆளில்ல."

போன லீவுக்கு முத்துமாரியின் அப்பா ஊருக்கு வந்திருந்தார். உச்சி வெயிலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் போய் நின்றார். கூச்சத்தோடு சிரித்தார். "சார், ஒங்க கிட்ட என் நெழலக் காட்டணும்னு சொல்லுதா." காலடியில் கையகலத்துக்கு நிழல் கிடந்தது. "இருக்கும்மா" என்றேன். முத்துமாரி தானும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

இதை அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். வசந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவால்ல" என்றாள். "இத ஒண்ணையாவது முழுசாச் சொல்லி முடிச்சீகளே."