இருபத்தேழாம் எண் ஜோடிகள் பற்றி அக்காவுக்கு

எப்போதும் என்னைப் பொறுத்துக்கொண்ட அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதுவது.

கடைசியாக உறுதிப்பட்ட செய்தி இது: இன்று திங்கட்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, காலணித் தொழிற்சாலையின் இருபத்தேழாம் எண் தையல் மிஷினில் உன் மகள் இல்லை. வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். உன் மகளை அலுவலக அறைக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். வேலை எதுவும் தருவதில்லை. காலையிலிருந்து மாலை வரை சும்மா உட்கார வேண்டும். சொன்னவர் தொழிலாளர் பேருந்தின் ஓட்டுநர். வாயில் காவலரிடம் தனியாக விசாரித்தேன், அவரும் அதையே சொன்னார். இரண்டு பேர் சொல்லாமல் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை, முப்பத்தெட்டு வருடப் பழக்கம். அவளிடமே கேட்டிருக்கலாமே என்பாய். வியாழக்கிழமையிலிருந்து அவள் என் போனை எடுப்பதில்லை. காரணம் நான்தான். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்காததற்கு மன்னித்துவிடு. இங்கே நலம் என்பது இன்னும் உறுதிப்படாத செய்தி. உனக்கும் போனில் சொல்லியிருக்கலாம். நீ அழுதால் எனக்கு வாக்கியம் முடியாது. அதனால் எழுதி, உன் ஊர்ப் பேருந்தின் நடத்துநர் கையில் நாளை விடிந்ததும் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் அறைக்கு வந்திருந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: அவள் வரிசையில் நாற்பது பெண்கள், கழிவறைக்குப் போக டோக்கன் மாதிரி ஒரே ஒரு மரவில்லை. அது யார் கையில் இருக்கிறதோ அவர் போகலாம், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் தோலில் தூசி படியும் என்று ஆணி அடித்துவிட்டார்கள். பசை வாடை உள்ளேயே நிற்கிறது. சொல்லிவிட்டு, "மாமா, மாமாகிட்டதான் சொல்றேன், பேப்பர்காரர்கிட்ட சொல்லல. எதையும் எழுதி வெச்சிடாதீங்க" என்றாள். சத்தியமாக எழுத மாட்டேன் என்றேன். எழுதவும் இல்லை. நுகர்வோர் குழுவில் போய்ப் பேசினேன், அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் ஏழு பேர், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். தலைவர் பல் டாக்டர். அவர்தான் திட்டம் போட்டார். "நாம வாங்கறவங்க. முதலாளி பயப்படறது நமக்கு மட்டுந்தான். எல்லாரும் ஒரே நாள்ல ஷூ வாங்குவோம், ஒரே நாள்ல திருப்பிக் குடுப்போம். ஒவ்வொரு இடது ஷூவுக்குள்ளயும் ஒரு கடிதம் இருக்கும்." பாட்டு டீச்சர், "வலிக்குமா டாக்டர்?" என்று கேட்டார். "யாருக்கு?" "கம்பெனிக்கு." "வலிக்கணும்னுதானேம்மா போறோம்." கடிதத்தை நான்தான் எழுதினேன். தெளிவாக இருந்தது என்று பாட்டு டீச்சரே சொன்னார்.

இனி வருவதுதான் என் குற்றம். அங்கே தைக்கப்படும் ஒவ்வொரு ஷூவிலும், நாக்கு மாதிரித் தொங்கும் தோலின் அடியில் தைத்தவரின் எண் ஒரு சின்னத் துணித் துண்டில் இருக்கும். உன் மகளின் எண் இருபத்தேழு. கடைக்குள் நுழைந்ததும் எனக்கு வேறு எந்த ஷூவும் கண்ணில் படவில்லை, அக்கா. நம் வீட்டுப் பெண் தைத்ததைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் எப்படி இருக்கும், நீயே சொல். "வாங்கறதுதான் வாங்கறோம், எங்க பொண்ணு தைச்சதா வாங்குங்க" என்று ஆறு பேரிடமும் சொன்னேன். டாக்டர் தன் சின்னக் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நாக்கைத் தூக்கிப் பார்ப்பது அவருக்குப் பழகிய வேலை. கடைக்காரப் பையன்கள், நாங்கள் ஏதோ பூச்சி தேடுகிறோம் என்று நினைத்து மேலாளரைக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் இருபது ஜோடி தேறியது. எல்லாம் இருபத்தேழு. ஒன்றை ஆசைக்கு நான் வைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து மீதிப் பத்தொன்பதையும் கடிதத்தோடு திருப்பிக் கொடுக்கப் போனோம்.

திருப்பிக் கொடுக்கும் படிவத்தில் நான்கு கட்டங்கள்: அளவு, நிறம், தையல் கோளாறு, தாமதம். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், "வேற காரணம்னு ஒரு கட்டம் இல்லையாம்மா?" என்றேன்.

"இல்ல சார். நாலுல ஒண்ணு போட்டாத்தான் மிஷின் ரசீது குடுக்கும்."

"தைக்கிற பொண்ணுங்கள மனுஷங்களா நடத்தறதில்ல, அதுக்கு எதைப் போடறது?"

அவள் படிவத்தை அக்கறையாகத்தான் பார்த்தாள். "தையல் போடுங்க சார். அதுதான் கிட்டத்துல வருது."

போட்டோம். பத்தொன்பது படிவத்திலும் 'தையல் கோளாறு' கட்டத்தில் குறியிட்டு, வெற்றிப் பெருமிதத்தோடு படியிறங்கினோம். கடிதங்களைக் கடைக்காரர்கள் படிக்கவில்லை. கசக்கி, வடிவம் கெடாமலிருக்க ஷூவின் முனையில் திணித்து அனுப்பிவிட்டார்கள். இதைச் சொன்னதும் அந்தக் கவுன்ட்டர் பெண்தான். தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்த செய்தி ஒன்றே ஒன்று: ஒரே எண்ணில் பத்தொன்பது தையல் கோளாறு.

வியாழன் மாலை உன் மகள் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை. "மாமா, கடை முழுக்க என் நம்பர்தான் கெடைச்சுதா உங்களுக்கு?"

"உன் கை தைச்சதுன்னு ஒரு பெருமைம்மா."

"பெருமை. பெருமைப்பட்டு கோளாறுன்னு எழுதித் திருப்பிக் குடுத்துட்டீங்க." பிறகு, "எழுத மாட்டேன்னு சொன்னீங்களே மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள் அக்கா, மந்திரிகூடத் திட்டியிருக்கிறார். இப்படி யாரும் திட்டியதில்லை.

ஆனால் நீ கவலைப்பட வேண்டாம். தப்பைத் திருத்தத் தெரிந்தவன் நான். வரும் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவள் மீது விசாரணை. அதற்குள் ஆதாரம் வேண்டுமே, என்னிடம் இருந்த அந்த ஒரு ஜோடியை டாக்டர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். நாற்காலியைச் சாய்த்து, அதன் மேல் ஷூவை வைத்து, மேல்விளக்கைப் போட்டு முக்கால் மணி நேரம் சோதித்தார். "ஒரு சொத்தை இல்லப்பா" என்றார். சனிக்கிழமையே நிர்வாகிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். எங்கள் புகார் பொய், தையல் குற்றமற்றது என்று ஒப்புக்கொண்டு, கீழே இப்படி முடித்தேன்: 'பத்தொன்பது ஜோடிகளையும் விசாரணைக்கு முன் பிரித்துப் பாருங்கள். ஒரு தையல் தப்பியிருந்தாலும் என் சொல்லைத் தள்ளிவிடலாம்.' இதைவிட உறுதியாக யாரும் எழுத முடியாது. வியாழன் மதியம் அவள் தன் மிஷினில் இருப்பாள். நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. அவளுக்குப் போன் செய்யவும் வேண்டாம். உனக்குத் தெரியும் என்று தெரிந்தால் இன்னும் ஒடுங்கிவிடுவாள்.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொல். உன் ஆசியும், முடிந்தால் மன்னிப்பும் வேண்டும்,

உன் தம்பி

பின்குறிப்பு: திங்கள், மாலை ஆறரை. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் மகள் வந்தாள். கூடவே இருபத்தாறாம் மிஷின் பெண்ணும் வந்தாள். பதிவுத் தபாலின் நகலைக் காட்டினேன், சந்தோஷப்படுவாள் என்று. படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"தையல்ல நெஜமாவே கோளாறு இருக்கு மாமா."

டாக்டர் பார்த்தாரே என்றேன்.

"மேல தெரியறதைக் கண்ணால பாத்துத் தைச்சிடுவேன். குதிகால்ல, உள்துணிக்கு அடியில இருக்கறதை விரல்தான் பாக்கணும். என் விரல் நாலு மாசமா எதையும் பாக்கல. பிரிச்சாத்தான் தெரியும். யாரும் பிரிக்க மாட்டாங்கன்னு இருந்தேன்."

அவர்களுக்காக வெந்நீர் வைத்திருந்தேன். நான் துணியைச் சுற்றிப் பிடித்த டம்ளரை அவள் வெறும் விரல்களால் வாங்கினாள். இருபத்தாறும் அப்படியே வாங்கினாள். நான்தான் சூடு சூடு என்று கத்தினேன்.

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க அந்த மரவில்லையைப் பத்தியேதான் கேட்டுட்டிருந்தீங்க."

தபாலைத் திரும்பப் பெற முடியுமா என்று பார்த்தேன். இன்று பன்னிரண்டு இருபதுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார்கள்; வாயில் காவலர் உறுதி செய்தார். இரண்டு மணிக்கே அந்த ஷூக்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்களாம். பெஞ்சிலிருந்து பார்த்ததாக உன் மகள் சொன்னாள். அவர்களுக்கு அதைச் செய்யத் தோன்றியிருக்காது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

விரல்களைச் சோதித்து, இது பசையால் வந்தது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், கோளாறு யாருடையது என்று கேட்க அவளுக்கு ஒரு காகிதம் இருக்கும். இருபத்தாறும் இருபத்தெட்டும் அவளோடு சோதனைக்கு வருகிறார்கள். விரலில் உணர்வு திரும்பி வருமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். இந்த இரண்டு மாதத்தில் நான் அவளிடம் சொன்ன சரியான வார்த்தை அது ஒன்றுதான். அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்குக் கொடுத்து நான் மீறும் இரண்டாவது வாக்கு இது. மேலே எழுதியதை விட்டுவிடு, அக்கா. நீ வா.

சோதனை புதன் காலை ஒன்பது மணிக்கு. முடிவு வியாழன் பத்து மணிக்குள் என்றிருக்கிறார்கள். விசாரணை அன்றே பதினொன்றுக்கு. நீ எந்தப் பேருந்தில் வருகிறாய் என்பது தெரியவில்லை. நாளை மாலைக்குள் சொல்.