எந்தத் தரையிலிருந்து அளந்தீர்கள், மாப்பிள்ளை?

ஸ்ரீவில்லிபுத்தூர்,
சனிக்கிழமை மாலை.

நம் கூடைப்பந்துக் கழகத்தின் பொன்விழா மலர் ஆசிரியரும் என் தங்கை வெங்கடேஸ்வரியின் கணவருமான முத்துக்குமரன் அவர்களுக்கு,

வணக்கம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கு நான் சுகம். உங்கள் மலரின் மெய்ப்பில் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருக்க ஆண்டாளை வேண்டிக்கொள்கிறேன். தங்கைக்காக உங்களையும் அதில் சேர்த்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுவீர்கள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

‘மூன்று தலைமுறை, மூன்று சென்டர்கள், யார் பெரியவர்?’ என்று தலைப்புப் போட்டு, இப்போது ஆடும் சூர்யபிரகாஷ் முதலிடம், நான் இரண்டு, பாண்டிதுரை மூன்று என்று வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். முதலில் வருபவர் பெயரைப் பலகையில் எழுதிப் பொன்விழா அன்று மைதானத்தில் மாட்டப் போவதும் எனக்குத் தெரியும். ஒரே அணி என்றாலும் நாங்கள் ஆடியது மூன்று ஆட்டம், மாப்பிள்ளை. பாண்டிதுரை எண்பதுகளில் செம்மண் தரையில் வெறுங்காலோடு நின்று, தோல் பந்தைத் தலைக்கு மேல் வளைத்து ஹூக் ஷாட் போட்டவர். நான் தொண்ணூறுகளில் சிமெண்ட் தரையில் முட்டியைத் தேய்த்து, அடுத்தவன் தவறவிட்ட பந்தையெல்லாம் எடுத்து அவனிடமே திருப்பிக் கொடுத்துப் பேர் வாங்காமல் போனவன். சென்டர் என்றால் கூடைக்கு அடியில் நிற்க வேண்டும், சூர்யபிரகாஷோ அங்கே நிற்பதே இல்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு எறிகிறான். விழுகிறது, அதுதான் எரிச்சல். நான் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்க முப்பது வினாடி இருந்தது, அவனுக்கு இருபத்துநாலுதான். இதையெல்லாம் எப்படி ஒப்பிடுவது என்று திணறிய நீங்கள், டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்து வடக்குச் சுவருக்குப் போய்விட்டீர்கள்.

அந்தச் சுவரின் வழக்கம் நமக்குத் தெரியும், மலர் வாசிப்பவர்களுக்குத் தெரியாது. புதிதாக சென்டர் ஆகிறவன் முதல் நாள் சுவரோரம் நின்று, பச்சை பெயிண்டில் கையைத் தோய்த்து, எட்டிய உயரத்தில் பதிக்க வேண்டும். மூன்று கைகளையும் அளந்திருக்கிறீர்கள். சூர்யபிரகாஷ் எட்டடி நாலங்குலம், நான் எட்டடி ரெண்டு, பாண்டிதுரை ஏழடி பதினொன்று. ஆனால் எந்தத் தரையிலிருந்து அளந்தீர்கள்? மூன்று வருடத்துக்கு முன்பு போட்ட ரப்பர் தரையிலிருந்து! சூர்யபிரகாஷ் அதன்மேல் நின்று கை வைத்தான், நான் கை வைத்தபோது ரப்பர் ஏது? நில அளவைத் துறையில் இருபத்தாறு வருடம் சங்கிலி பிடித்தவனின் தங்கையைக் கட்டிக்கொண்டு இப்படி ஒரு அளவு அளக்கலாமா?

அதனால் இன்று காலை முதல் பஸ்ஸில் ராஜபாளையம் மைதானத்துக்குப் போனேன். சுவருக்கும் தரைக்கும் நடுவில் மழைநீர் வடிய விட்ட ஒரு அடி இடைவெளியில் மண்ணை அள்ளினால், பழைய தரைகளெல்லாம் கேக் வெட்டியதுபோல் ஓரத்தில் தெரியும். மைதானக் காவலர் ராக்கப்பன் மண்வெட்டியோடு வந்தார். மூன்றங்குலத்தில் என் சிமெண்ட் தெரிந்தது. ஆக, நான் எட்டடி ஐந்து. சூர்யபிரகாஷை ஒரு அங்குலம் தாண்டிவிட்டேன். ராக்கப்பனைக் கட்டிப்பிடித்தேன், அவர் பயந்துபோனார்.

அந்த நேரம் பார்த்து சேத்தூரிலிருந்து பாண்டிதுரை பைக்கில் வந்து இறங்கினார். தொண்ணூற்றேழு மாவட்ட இறுதிப் போட்டியில், பயிற்சியாளராக நின்றுகொண்டு, கடைசி நாலு நிமிடம் என்னை வெளியே உட்கார வைத்து ஒரே கூடையில் தோற்க வைத்தவர். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. அதனால் இருவரோடும் பேசுகிற பாவத்துக்கு ராக்கப்பன் நடுவில் மாட்டிக்கொண்டார்.

“ஏலே ராக்கப்பா, சர்வேயர் எதுக்குலே குழி தோண்டுதாரு? புதையலா?”

“சும்மா பாக்கேன்னு சொல்லுங்க, ராக்கப்பன்.”

“பொஸ்தகத்துல என்னைய மூணாவதாப் போட்டிருக்காவளாம். போடட்டும். இந்தா நிக்க சமுத்திரத்த ரெண்டாவதாப் போட்டது தப்புன்னு சொல்லு. அவன் மாதிரி பந்த எடுத்துக் குடுத்தவன் இந்த ஊருல எவன் இருக்கான்?”

“அப்புறம் எதுக்கு அன்னைக்கு வெளிய உக்கார வச்சாருன்னு கேளுங்க.”

“நாலு ஃபவுலு. அஞ்சாவது வாங்கி, அம்புட்டுக் கூட்டம் பாக்கத் தலையத் தொங்கப் போட்டுட்டுப் போகணுமா?”

“நாலு இல்ல, மூணுன்னு சொல்லுங்க.”

ராக்கப்பன் மண்வெட்டியைக் கீழே போட்டார். “ரெண்டு பேரும் அஞ்சடி தூரத்துல நிக்கிய. எனக்கு எதுக்குய்யா இந்தச் சீவன் போற வேல? நான் டீ குடிக்கப் போறேன்.” அவர் போனதும் பேச வழியில்லாமல் பாண்டிதுரையும் வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

நானும் கிளம்பியிருக்கலாம், மாப்பிள்ளை. குழியை மூடியிருந்தால் பலகையில் என் பெயர். ஆனால் இயற்கைத் தரையைப் பார்க்காமல் எந்தக் குழியையும் நான் மூடியதில்லை. இன்னும் ஐந்தங்குலம் தோண்டினேன். செம்மண். அதில் எண்பதுகளின் சுண்ணாம்புக் கோடு வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. மூன்றும் ஐந்தும் எட்டு. பாண்டிதுரை எட்டடி ஏழு. உங்கள் கணக்கில் சூர்யபிரகாஷ் முதல், நான் இரண்டு. என் கணக்கில் பாண்டிதுரை முதல், அப்போதும் நான் இரண்டு! இந்த உலகத்தில் எந்தத் தரையிலிருந்து அளந்தாலும் நான் இரண்டாவதுதான் என்று குழியோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தேன். வேடிக்கை என்னவென்றால், கோபம் வரவில்லை. வெறுங்காலில் நின்று எட்டடி ஏழு எட்டியிருக்கிறாரே மனுஷன் என்றுதான் தோன்றியது.

ஆகவே பாண்டிதுரை முதல், நான் இரண்டு, சூர்யபிரகாஷ் மூன்று என்று திருத்திவிடுங்கள். அந்தப் பையனுக்கு இருபத்துநாலு வயதுதான், தாங்கிக்கொள்வான். அளவுப் படமும் மூன்று புகைப்படமும் இணைத்திருக்கிறேன். மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று தங்கை சொன்னாள், தாமதிக்க வேண்டாம். தங்கைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் அச்சகத்தாருக்கு என் அனுதாபங்கள்.

பின்குறிப்பு: மேலே உள்ளது முழுவதையும் யாரோ ஒரு விளையாட்டு ஆர்வலர் எழுதியதாக வைத்துக்கொள்ளவும். நான்தான் என்று தெரிந்தால் பாண்டிதுரை அண்ணன் நன்றி சொல்ல நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். வந்தால் காப்பி கொடுக்க வேண்டும், கொடுத்தால் பேச வேண்டும். இருபத்தெட்டு வருடக் கோபத்தை ஒரு டம்ளர் காப்பிக்கு விட்டுக்கொடுக்க நான் இன்னும் தயாராகவில்லை. தயாராகிவிட்டேனா என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டால் சொல்லுகிறேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம். கீழே போட்டிருந்த பெயரைக் கிழித்து எடுத்துவிட்டேன். கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.