ஊஞ்சலை விரட்டிய கவட்டைக்குச்சி

சனிக்கிழமை காலை ஓபர்லிண்டாக் ஊரே பூங்காவில் திரண்டிருந்தது. சறுக்குமரம் எங்கே வேண்டும், மணல்தொட்டி எங்கே வேண்டும் என்று ஊராட்சி கூட்டம் போட்டுக் கேட்டபோது கொட்டாவி விட்ட ஊர் இது. இன்று கேக்கும் காபிக் குடுவையுமாக வந்து இடம்பிடித்து நின்றது. காரணம், குண்டாக்கர் மோசர் வருகிறார்!

மோசர் யாரென்றா கேட்கிறீர்கள்? பூமிக்கடியில் ஓடும் தண்ணீர் நரம்புகளைக் கவட்டைக்குச்சியால் கண்டுபிடிக்கும் மகான். நரம்புக்கு மேலே படுத்தால் தூக்கம் வராதாம், மாடு கறக்காதாம், பிள்ளைக்குப் படிப்பு ஏறாதாம். (மக்குப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!) கண்டுபிடிப்பதோடு விட்டுவிடமாட்டார். நரம்பை அடக்கும் கருங்கல் தூணையும் அவரே விற்பார். நோயும் மருந்தும் ஒரே வண்டியில் வந்து இறங்கும்.

முன்வரிசையில் இர்மா நின்றிருந்தாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் மகள் தேக்லா. நாற்காலியோடு ஏறி ஆடக்கூடிய ஊஞ்சல் ஒன்று புதிய பூங்காத் திட்டத்தில் இருந்தது. அதற்காக இர்மா ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவள். வாசலையொட்டிய புல்தரையில் வைப்பதாக முடிவும் ஆகியிருந்தது.

மோசர் குச்சியை நீட்டிப் பிடித்து வாசல் பக்கம் நடந்தார். குச்சி படாரென்று கீழே சாய்ந்தது.

"ஐயோ!" என்றார் அவர். "ஐயோ!" என்றது கூட்டம்.

"ரெண்டு நரம்பு இங்கதான் குறுக்க வெட்டுது. இங்க போய் ஊஞ்சலா? வேண்டவே வேண்டாம்!"

"வேற எங்கங்க வைக்கலாம்?" என்று மேயர் எகோன் கவலையோடு கேட்டார்.

மோசர் பின்பக்கப் புல்தரைக்குப் போய் ஒரு வெள்ளைக் கொடியை நட்டார். "இது சுத்தமான மண்ணு. அடியில ஒரு ஓட்டமும் இல்ல. ஊஞ்சல இங்க வைங்க, வாசல்ல ஒரு தூண் நடுங்க."

அங்கே போக வேண்டுமென்றால் பூங்காவைச் சுற்றி ஓடும் சரளைக்கல் பாதையில்தான் போக வேண்டும். நாற்காலிச் சக்கரம் அச்சுவரை புதையும்.

"எகோன், இவ எப்படி அங்க வருவா?" என்றாள் இர்மா. "ஊரே ஆடும், என் பொண்ணு மட்டும் வாசல்ல நின்னு பாக்கணுமா?"

"அவளோட நல்லதுக்குத்தானே சொல்றாரு, இர்மா."

பேக்கரி நோட்புர்காவும் சேர்ந்துகொண்டாள். "அவர் சொல்லித்தான் எங்க கட்டில நகத்தினோம். அன்னியிலேருந்து என் வீட்டுக்காரர் குறட்டைச் சத்தமே கேக்கல!"

"கேக்காதுதான். நீ நகத்தினது அவர் கட்டில மாடிக்கு!" என்றாள் இர்மா.

கூட்டம் சிரித்தது. ஆனால் தூணுக்கு மேயர் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்.

மோசர் வரப்போவது தெரிந்ததுமே இர்மா ஒரு கவட்டையை வெட்டி, சமையலறையில் பிடித்துப் பார்த்திருந்தாள். சூட்சுமம் எளிது. உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கிளையையும் வெளிப்பக்கமாக வளைத்துப் பிடித்தால், குச்சி இழுத்த வில்லைப் போல முறுக்கேறி நிற்கும். மணிக்கட்டு மயிரிழை அசைந்தால் போதும், நுனி பாய்ந்து கவிழும். அசைத்தது தான்தான் என்று பிடித்தவனுக்கே தெரியாமல் போகலாம். மனசு எங்கே எதிர்பார்க்கிறதோ அங்கே கை அசைந்துவிடும். தண்ணீரோ, பஞ்சில் ஊறிய ஈரம் போல, அந்தப் பள்ளத்தாக்கின் சரளை மண் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. நரம்புமில்லை, நாளமுமில்லை.

"கோவிச்சுக்காதீங்க ஐயா," என்றாள் இர்மா. "அதே நரம்ப இன்னொரு தடவ காட்டுங்களேன். கண்ணக் கட்டிக்கிட்டு."

"கட்டும்மா, கட்டு! கண்ணா பாக்குது? குச்சிதானே பாக்குது!"

"பானை தட்டுற ஆட்டம்!" என்று கூவினாள் தேக்லா. அந்த ஊரில் பிறந்தநாள் என்றால் இந்த ஆட்டம் இல்லாமல் இருக்காது. கண்ணைக் கட்டிய பிள்ளை கரண்டியோடு தவழ்ந்து பானையைத் தேடும். விலகிப் போனால் மற்றவர்கள் "ஜில்லு" என்பார்கள், நெருங்கினால் "சூடு" என்பார்கள்.

இர்மா தன் கழுத்துத் துணியால் மோசரின் கண்ணை இறுகக் கட்டினாள். சரளைப் பாதையில் முன்னும் பின்னுமாகச் சுற்றவைத்து, திசை மறந்தபின் புல்லில் கொண்டு நிறுத்தினாள். பிறகு விரலை நீட்டிப் பிள்ளைகளுக்கு ஓரிடத்தைக் காட்டினாள்.

"ஜில்லு! ஜில்லு!" மோசர் திரும்பினார்.

"சூடு! இன்னும் சூடு!" நடை வேகமானது.

"கொதிக்குது! கொதிக்குது!"

குச்சி தரையைக் குத்துவது போலக் கவிழ்ந்தது.

"இதோ!" மோசர் முழங்கினார். "வாசல்ல காட்டினேனே, அதே ரெண்டு நரம்பு! இங்க ஒரு குழந்தைய உக்கார வெச்சா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்!"

இர்மா கட்டை அவிழ்த்தாள். மோசரின் இரண்டு ஷூக்களுக்கும் நடுவே, அவர் தம் கையால் நட்ட வெள்ளைக் கொடி நின்றது.

"பிள்ளைங்க சத்தம் நரம்போட அலையக் கலைச்சிடுச்சு!" என்று சமாளித்தார் மோசர்.

"அப்போ விளையாட்டுத் திடல்ல பிள்ளைங்க சத்தமே போடக்கூடாதா?" என்று மேயரே கேட்டுவிட்டார்.

"அப்ப உங்க குச்சி கேட்டது தண்ணிய இல்ல, இதுங்க பேச்ச," என்றாள் இர்மா. சிரிப்பு பூங்காவை நிறைத்தது. நோட்புர்கா மட்டும் மாடிக் கட்டிலை நினைத்தாளோ என்னவோ, சிரிக்கவில்லை.

எகோன் முகம் சிவக்க வாசலுக்கு நடந்து, ஊஞ்சல் வரும் இடத்தில் தானே முளை அடித்தார். தேக்லா அதைச் சுற்றி நாற்காலியை ஒரு வட்டம் ஓட்டினாள். சக்கரம் எங்கும் சிக்கவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் ஊர் திருந்தியது என்று எழுதியிருப்பேன். தூண்களோடு வண்டி கிளம்பும்போது இரண்டு பேர் ஓடிப்போய் ஜன்னலைத் தட்டினார்கள். "ஐயா, பூங்கா கிடக்கட்டும், எங்க படுக்கையறைய வந்து பாப்பீங்களா?"

அன்பர்களே, மண்ணுக்கடியில் என்ன ஓடுகிறது என்று பார்க்க ஆள் தேடுகிறீர்கள். மண்டைக்குள் ஏதாவது ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதற்குக் குச்சியும் வேண்டாம், மோசரும் வேண்டாம்.