மூன்று கிலோவில் ஒரு வீடு

ஓய்வு பெற்ற பதினேழாம் நாள் காலையில், இந்த வீட்டுக்கு நான் தேவையில்லை என்பது தெரிந்துபோனது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவி வீடு பெருக்கிக்கொண்டு வந்தாள். நாற்காலியை நகர்த்தினாள். மேஜையை நகர்த்தினாள். அதே கையோடு என்னையும் நகர்த்திவிட்டுப் பெருக்கிக்கொண்டே போனாள். முகத்தில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால், ஆளாக மதித்தாளே என்று ஆறுதல் பட்டிருப்பேன்.

முப்பத்தெட்டு வருஷம் ஒரு துணி ஆலையில் நீராவிக் குழாய்களுக்கு ஃபிட்டராக இருந்தவன் நான். கொதிகலனிலிருந்து நீராவி பத்து கிலோவில் வரும். அழுத்தத்தை நாங்கள் கிலோவில்தான் சொல்வோம். அதை அப்படியே விட்டால் துணி உலர்த்தும் உருளை தாங்காது. உருளைக்கு மூன்று கிலோ, இஸ்திரி இயந்திரத்துக்கு நான்கு, கேண்டீன் அண்டாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று உட்கார்ந்து, அவரவர் தாங்கும் அளவுக்கு அளந்து விடும். தலையில் ஒரு திருகு. இறுக்கினால் அழுத்தம் கூடும், தளர்த்தினால் குறையும். என்னைக் கேட்காமல் மேலாளர்கூட அதில் கை வைத்ததில்லை. பத்து கிலோவை அடக்கியவன், இப்போது வீட்டில் அடங்கி உட்கார்ந்திருந்தேன்.

பதினெட்டாம் நாள் கடவுள் கண் திறந்தார். வாஷிங் மெஷின் ஹோஸ் வெடித்தது.

எங்கள் வீடு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் தரைத்தளம். பன்னிரண்டாம் மாடிக்கு ஏற வேண்டிய தண்ணீரைக் கீழேயிருந்து ஒரு பம்ப் தள்ளுகிறது. அந்த வேகம் முதலில் எங்கள் குழாயில்தான் வந்து மோதும். எங்கள் வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவினால் கழுவுகிறவரும் குளித்துவிடலாம். அன்று சமையலறை முழுக்கத் தண்ணீர். மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பதினெட்டு நாளில் அன்றுதான் என்னைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும்.

மறுநாளே அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று வாங்கி வந்து, பின்கட்டில் தண்ணீர் உள்ளே வருகிற குழாயில் பொருத்தினேன். பக்கத்தில் ஒரு சின்ன அழுத்தமானி. ஆலையில் செய்வது போலவே குழாயைத் திறந்து விட்டுவிட்டு, திருகைத் திருப்பி, முள்ளை மூன்றில் கொண்டுவந்து நிறுத்தினேன். பிறகு திருகுக்கும் வால்வின் உடம்புக்கும் சேர்த்துச் சிவப்பாக ஒரு கோடு போட்டேன். வேறு யாராவது திருகைத் தொட்டால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இது எங்கள் தொழில் வழக்கம். பெயின்ட் இல்லாததால் மனைவியின் நெயில்பாலிஷ்.

அவள் டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். பிறகு தங்கைக்குப் போன் போட்டு, இவர் இல்லையென்றால் வீடே மிதந்திருக்கும் என்றாள். நான் கேட்காமலே டீ வந்தது. அன்று மாதிரி நான் சந்தோஷப்பட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

சந்தோஷம் நான்கு நாள் தாங்கியது. வால்வு ஒழுங்காக வேலை செய்தது. ஒழுங்காக வேலை செய்கிற வால்வை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைப் பொருத்தியவனையும்தான். மறுபடியும் பெருக்கல், மறுபடியும் நகர்த்தல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பின்கட்டுக்குப் போய் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்தேன். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம் என்று சொல்ல மாட்டேன். பத்தே நிமிஷத்தில் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, தண்ணி நூலு மாதிரி வருது."

ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனேன். நெற்றியைச் சுருக்கினேன். ஸ்பிரிங், அழுக்கு, பம்பின் போக்கு என்று நாலு வார்த்தை சொன்னேன். கால் மணி நேரத்தில் முள் மூன்றுக்கு வந்தது, புதுக் கோடு விழுந்தது, டீ வந்தது. அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. செவ்வாய்க்குச் செவ்வாய் நானே கெடுப்பேன், நானே சரி செய்வேன். ஆறு வாரம்.

ஏழாவது வாரம் மனசாட்சி பிடித்துக்கொண்டது. நூல் மாதிரி விழும் தண்ணீரில் அவள் குனிந்து பாத்திரம் கழுவுவதை முந்தின வாரம் பார்த்திருந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தாள். நான் பெரிய மனுஷனாவதற்கு இவள் இடுப்பா கிடைத்தது என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. இனி திருகைத் தொடுவதில்லை, நாற்காலியோடு நாற்காலியாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்கட்டுப் பக்கமே போகவில்லை.

பதினொரு மணிக்கு, "ஏங்க, தண்ணி வரல."

போய்ப் பார்த்தேன். சிவப்புக் கோடு ஒரு விரற்கடை விலகியிருந்தது. யாரோ கை வைத்திருக்கிறார்கள். மேல்வீட்டுக்காரர்மேல்தான் சந்தேகம். போன மாதம் அவர், இது என்ன சார் புதுசா மாட்டியிருக்கீங்க என்று விசாரித்திருந்தார். ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

எட்டாவது செவ்வாய். வெளியே நடந்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து பின்கட்டுக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

முக்காலியில் என் மனைவி. தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். கையில் என் ஸ்பானர்.

"இருடி, வால்வ லூஸ் பண்ணிட்டிருக்கேன். அவரு வர்ற நேரமாச்சு."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் பதறவில்லை. அப்புறம் பேசறேன் என்று தங்கையிடம் சொல்லிப் போனை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"பாத்தா தெரியலையா? நீங்கதான் போன வாரத்திலேர்ந்து விட்டுட்டீங்களே."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"மொத வாரமே. நீங்க பின்கட்டுக்குப் போயிட்டு வந்த பத்தாவது நிமிஷம் தண்ணி குறைஞ்சா எனக்குத் தெரியாதா? விசிலடிச்சிக்கிட்டு வேற வந்தீங்க."

"அப்புறம் ஏன் பேசாம இருந்தே?"

அவள் ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டாள். "இதச் சரி பண்ற அன்னிக்குத்தான் தட்டுல வச்சத முழுசா சாப்பிடறீங்க. மத்த நாளெல்லாம் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

நான் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஏதாவது பேச வேண்டியிருந்தது. சரி, கெடுத்தது யாராக இருந்தாலும் சரிசெய்தது நான்தானே, அந்தக் கை இன்னும் போகவில்லையே என்றேன்.

அவள் அழுத்தமானியைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"சொல்லு."

"நீங்க குழாயத் திறந்து விட்டுட்டு முள்ள மூணுல நிறுத்தறீங்க. குழாய மூடினா அது நாலரைக்கு ஏறிடுது. மூடிட்டுத்தான் வைக்கணும்னு டப்பாவுல இருந்த தாள்லயே போட்டிருக்கு. நீங்க டீ குடிக்கப் போனதும் நான் வந்து குறைச்சு வச்சிடுவேன்."

"என் கோடு?"

"அழிச்சிட்டுப் புதுசா போட்டுடுவேன். என் நெயில்பாலிஷ்தானே."

ஆலையில் நீராவி ஓடிக்கொண்டே இருக்கும். ஓடாத குழாயில் வால்வு என்ன செய்யும் என்று முப்பத்தெட்டு வருஷத்தில் நான் யோசித்துப் பார்க்க நேரவில்லை. வீட்டில் தண்ணீர் பெரும்பாலும் நின்றுதான் இருக்கிறது, என்னைப் போல. முதல் நாளிலிருந்து இந்த வீட்டை மூன்று கிலோவில் வைத்திருந்தது இவள்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் எழுந்து ஸ்பானரை என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"அடுத்த வாரத்திலேர்ந்து செவ்வாய்க்கிழமை வேணாம், எனக்கு வெளிய வேல இருக்கு. வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கெடும். அதுக்குள்ள குளிச்சிட்டு ரெடியா இருங்க."