துரையின் வண்டி குடித்த எண்ணெய்

"இந்த வண்டி பெட்ரோலிலே ஓடுதா, எண்ணெயிலே ஓடுதா, மேன்?" என்று துரை கேட்டார்.

கபிரியேலுக்கும் அதே சந்தேகம்தான். ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை அரைக்கும் ஸ்டோரின் எஞ்சினைப் பார்த்துக்கொள்பவன் அவன். துரை கொழும்பிலிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியதும் அதுவும் அவன் தலையில் விழுந்தது. ஒரு மாதத்துக்கு வாங்கிய எண்ணெய் ஒரு வாரத்தில் காலி. வண்டி போன பாதையெல்லாம் நீலப்புகை.

"சனிக்கிழமைக்குள்ளே சரி பண்ணு. இல்லே, ஹாலிஎலயிலே வேற ஆள் இருக்கு. நீ மம்பட்டி எடு."

எஞ்சின்காரர் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயமே கபிரியேலுக்கு மரியாதை கொடுக்கிறது, இனி புல்வெட்டா? வெட்கக்கேடு. மனைவி நேசராணியிடம்கூட அதைச் சொல்லவில்லை.

அந்த வண்டியின் டாங்கியோரம் ஒரு குமிழ் உண்டு. அதை ஒரு தரம் அமுக்கினால் எஞ்சினுக்குள் ஒரு மடக்கு எண்ணெய் இறங்கும், ஓடஓட எரிந்துபோகும். வழியில் அவ்வப்போது துரை அமுக்குவார். எரிவது நியாயம்தான். அதற்காக இப்படியா?

எங்காவது ஒழுகுகிறதா என்று வண்டிக்கு அடியில் சாக்கை விரித்தான். சாக்கு காய்ந்தே கிடந்தது.

பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும் என்று புது ரிங் மாட்டினான். அன்றைக்குப் புகை குறைந்தது. கபிரியேல் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினான். மறுநாள் காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டு முடிந்து, அங்கே நிறுத்தியிருந்த வண்டியில் துரை கிளம்பினார், பாருங்கள், புகை இரண்டு மடங்கு!

"என்னத்த மாட்டுனே?" என்றார் மலையில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை லூக்காஸ்.

"புது ரிங்குதாங்கய்யா."

"புதுசு நல்லாத்தான் வேலை செய்யுது" என்று அவர் திருப்தியாகச் சொல்லிவிட்டுப் போனார். கபிரியேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எண்ணெய்தான் தண்ணியாக இருக்கிறதோ? பதுளையில் பாறூக் முதலாளி கடைக்குப் போய் நல்ல கெட்டியான விளக்கெண்ணெய் வாங்கிவந்து ஊற்றினான். விளைவு, வெள்ளைப்புகை. துரையையே காணவில்லை. ஏற்றத்தில் பிளக் எண்ணெயில் முழுகி வண்டி நின்றுவிட, துரை அதைத் தள்ளிக்கொண்டே மலையேறினார். கொழுந்துக்காரிகள் தலைநிமிராமல் அப்படிக் கொழுந்தெடுத்தார்கள்.

"நாளைக்குச் சனிக்கிழமை" என்றார் துரை, மூச்சு வாங்க. "போன ஞாயித்துக்கிழமை பங்களாவிலேயிருந்து பதுளை போய் வந்தேன். கொஞ்சம்கூடப் புகை இல்லே. அது எப்படி?"

அது எப்படி? கபிரியேல் அன்று மாலை நேசராணியிடமே கேட்டுவிட்டான்.

"ஏம்புள்ள, அந்த வண்டியும் வேதத்துல சேந்திருச்சா? ஞாயித்துக்கிழமைன்னா ஒழுங்கா இருக்கே."

நேசராணி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "நீங்க நல்லாத்தாங்க நடிக்கிறீங்க."

நடிப்பா? யார் நடித்தது?

சனிக்கிழமை காலை, கடைசியாக ஒரு யோசனை. தோட்டப் பாதைக் குலுக்கலில் அந்தக் குமிழ் தானாகவே அமுங்குகிறதோ? பெரட்டுக்கு முன்பே பங்களாவுக்கு ஓடி, குமிழைக் கழற்றித் துரை கையில் கொடுத்தான்.

"சட்டைப்பையில வச்சுக்குங்க துரை. வேணும்கிறப்ப மட்டும் மாட்டி அமுக்குங்க."

அன்று சொட்டுப் புகை இல்லை. துரை தோட்டம் முழுக்கச் சுற்றிவந்து கபிரியேலின் முதுகில் தட்டி, ஒரு டின் பிஸ்கட்டும் கொடுத்தார்.

கபிரியேல் பிஸ்கட் டின்னோடு லயத்துக்கு வந்தால், ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. வாசலில் நேசராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"அரைப்பேரு. எனக்கு மட்டுமில்ல, மலையில உக்காந்து வெத்தலை போட்ட அத்தனை பேருக்கும் அரைநாள் கூலிதான். துரை திடீர்னு முன்னால வந்து நின்னாரு. கணக்கப்பிள்ளை தூங்கி மாட்டிக்கிட்டாரு. துரைக்கு உதவியா இருக்குற சின்னத்துரையும் மரத்தடியில படுத்துக் கதைப்புத்தகம் படிச்சு மாட்டிக்கிட்டாரு."

"அதுக்கு நான் என்ன செஞ்சேன்? நான் வண்டியத்தானே சரி பண்ணுனேன்?"

பக்கத்துக் காம்பரா லூசியா எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்காதீங்கண்ணே. வண்டிச் சத்தம் நாலு மலையிலயும் கேக்குது, புகையப் பாத்தாத்தானே துரை எந்தப் பக்கம் வர்றாருன்னு தெரியும்? அதுக்குத்தானே தெனம் பெரட்டுக்கு வர்றப்ப ஆளுக்கு ஒரு தரம் அந்தக் குமிழ அமுக்கிட்டுப் போனோம், சின்னத்துரைகூட ரெண்டு தரம் அமுக்குவாரே!"