ஊரெல்லாம் புரோஸ்டேட்

"என்னடி இது?" என்று தட்டைக் காட்டிக் கத்தினார் ஆல்ஃபோன்ஸ்.

"ப்ரோக்கோலி, தக்காளி. மேலே பூசணி விதை," என்றாள் மனைவி ஹெர்மினே.

"பன்றி வறுவல் எங்கே?"

"இனிமே கிடையாது. பீரும் கிடையாது. டாக்டரை மாதாகோயில் வாசல்ல பார்த்தேன். உனக்குப் புரோஸ்டேட் வீங்கியிருக்காம்."

"என்கிட்ட சொல்லாம உன்கிட்ட ஏன் சொன்னார்?"

"நீயே போய்க் கேளேன். விரலை விட்டுப் பார்த்துச் சொல்லுவார்."

ஆல்ஃபோன்ஸ் அவசரமாகத் தக்காளியை விழுங்கினார். ஆஸ்திரியாவின் ஸ்டைரியாவில் பிறந்து, ஊர் பேண்டில் இத்தனை வருடம் டூபா ஊதியவனுக்கு ஆட்டுத் தீனியா? என்ன அநியாயம்!

மறுநாள் திருட்டுத்தனமாகக் கறிக்கடைக்குப் போனார்.

"சாசேஜா? ஹெர்மினே கூடாதுன்னு சொல்லிட்டாளே! உடம்பைப் பார்த்துக்கோ ஆல்ஃபோன்ஸ்," என்று கடைக்காரி எல்லோர் முன்னாலும் அனுதாபப்பட்டாள். சேதி அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. இரவுச் சாப்பாடு வெறும் காஞ்சொறித் தேநீராகச் சுருங்கியது.

பேண்டு ஒத்திகையில் நண்பன் இக்னாஸிடம் பொருமித் தீர்க்கலாம் என்று போனால், அவன் முரசுக்குப் பின்னால் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"டேய், உனக்குமா?"

"டாக்டர் என் பொண்டாட்டிகிட்ட சொன்னாராம்டா. வெளியே சொல்லிடாதே."

விசாரித்தால் கிளாரினெட்டுக்கும் அதே, டிராம்போனுக்கும் அதே. பேண்டின் ஒன்பது ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

ஆல்ஃபோன்ஸுக்கு ரத்தம் கொதித்தது. "ஒன்பது பேருக்கும் ஒண்ணா வீங்குமாடா? தண்ணிடா! ஊர்த் தண்ணி! நம்ம வாயைக் கட்டிப்போட்டுட்டு அந்த நகராட்சி நல்லாத் தின்னுதா?"

ஒன்பது பேரும் நகராட்சித் தலைவியின் அலுவலகத்தில் போய் மேசையைத் தட்டினார்கள். அந்த அம்மாள் நடுங்கிப்போய்க் குடிநீர்க் குழாயை மூடினார். தண்ணீர் இல்லாததால் மதுக்கடையும் மூடியது. அத்தோடு விட்டதா? சோதனை முடியும்வரை பேண்டின் நூற்றாண்டு விழாவும் கிடையாது என்று ஊர்க்கூட்டத்தில் அறிவித்துவிட்டார்.

ஆல்ஃபோன்ஸ் துள்ளி எழுந்தார். "விழாவை நிறுத்துவீங்களா? நான் டூபா வாசிக்கிற காலத்துல ஒரு தடவை வர்ற நூற்றாண்டு! எங்க உடம்பையும் கெடுத்து, மானத்தையும் வாங்கி, இப்போ இதுவுமா?"

அரங்கே கொந்தளித்தது. மனைவிமார் மட்டும் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பேண்டுக்கு உடை தைக்கும் வால்புர்கா, அளவு நாடா கழுத்தில் தொங்க, பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"தண்ணி சுத்தமாத்தான் இருக்கு, தலைவரம்மா. விழாவுக்குப் போடுற தோல் கால்சட்டை இந்த ஒன்பது பேருக்குமே இடுப்புல ஏறல. தோலைப் பிரிச்சு அகலப்படுத்தவும் முடியாது. தொப்பையைக் குறைன்னா எந்த ஆம்பிளை கேப்பான்? அதான் நாங்க பொம்பளைங்க கூடிப் பேசி, வீக்கத்தை ஒரு சாண் கீழே இறக்கிட்டோம்!"